வயிற்றை மறைத்துக் களைக்கு வருகிறவர்கள்

ஐப்பசியில் ரெண்டு மழை விழுந்து நிலம் கொஞ்சம் வாடினதும், எங்கள் பக்கத்தில் எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் களை மண்டிவிடும். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி என்று எந்தப் பக்கம் போனாலும் வானம் பார்த்த பூமிதான். பதம் இருக்கிற நாலு நாளில் களை எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் குதிரைவாலிக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அந்த நாலு நாளும் ஆளுக்குப் பெரிய அடிதடி. வந்த ஆளை யாரும் எதுவும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மூன்று வருசத்துக்கு முந்தி என் காட்டுக்குக் களையெடுக்க பத்துப் பேர் வந்தார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவது காட்டு வேலையில் வழக்கம்தான், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மதியம் கஞ்சிக்கு உட்கார்ந்தபோதுதான் ஒரு பெண்ணைக் கவனித்தேன்.

“எத்தனை மாசம் தாயி?”

“ஆறு முடிஞ்சிருச்சுக்கா.”

“காலையிலயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நாளைக்கு வரவேண்டாம்பீக.”

அவள் சொன்னது சரி. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் அவள் நல்லதுக்கு என்று நினைத்துக்கொண்டு. உண்மையில் மறுநாள் அப்படியே சொல்லியும் விட்டேன். அவள் பக்கத்துக் காட்டுக்குப் போய்க் குனிந்தாள். எட்டாம் மாசத்தின் பாதியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. எடை ரெண்டு கிலோவுக்கும் கீழே. பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான், இப்போது ஓடி விளையாடுகிறான். களை எடுத்ததால்தான் அவன் முந்திப் பிறந்தான் என்று சொல்ல முடியாது. ஒரு தனிப் பிரசவத்தில் காரணத்தைக் கையில் பிடித்துக் காட்ட மருத்துவர்களாலேயே பல நேரம் முடிவதில்லை. ஆனால் என் காட்டில் அந்தக் காரணங்களில் எத்தனை இருந்தன என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 37 வாரம் நிறைவதற்கு முன்னால் பிறந்தால் அது குறைமாதப் பிரசவம். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் மதிப்பிட்டிருக்கின்றன. அதில் இந்தியாவில் மட்டும் 30 லட்சம். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஐந்து வயதுக்குள் இறக்கிற குழந்தைகளின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணமும் இதுதான். “ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை பிழைக்காது” என்று நம் ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். அது தப்பு. வயிற்றுக்குள் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம்தான்.

இதைப் பேச ஆரம்பித்தாலே ஒரு பதில் தயாராக வரும். “எங்க அப்பத்தா களை எடுத்துக்கிட்டே வரப்புல பெத்தா. பெத்துட்டு மறுபடி களை எடுத்தா.” நானும் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான். அந்த அப்பத்தாவிடம் எத்தனை பெற்றாய், எத்தனை தங்கியது என்று யாராவது கேட்டிருக்கிறோமா? என் சொந்த அப்பத்தா பதினொன்று பெற்று ஐந்தை வளர்த்தாள். மிச்சம் ஆறுக்குக் கதை கிடையாது. தங்கினவர்களின் வாரிசுகள் நாம், அதனால் நமக்குத் தங்கின கதைதான் தெரியும்.

வேலை செய்தால் சுகப்பிரசவம் ஆகும் என்பதும் முழுப் பொய்யில்லை. நடப்பதும் வீட்டு வேலை செய்வதும் கர்ப்பிணிக்கு நல்லதே. களைத்தால் உட்கார முடிகிற வேலை வேறு, நிரை பிடித்து எடுக்கிற வேலை வேறு. நிரையில் பக்கத்து ஆள் முன்னால் போய்விட்டால் இவள் பின்தங்கக் கூடாது. பின்தங்கினால் பேச்சு வரும், நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள். குனிந்தபடி மணிக்கணக்கில் இருப்பது, நின்றபடியே இருப்பது, பாரம் தூக்குவது, வாரம் முழுக்க ஓய்வில்லாமல் வேலை பார்ப்பது, இவை ஒவ்வொன்றும் குறைமாதப் பிரசவ ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுகின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். எங்கள் காட்டிலோ இவை எல்லாம் ஒருத்தி மேல் ஒரே நாளில் சேர்ந்து விழுகின்றன.

அதற்கு மேல் வெயில். ஐப்பசியில் புழுக்கம் என்றால், மாசி பங்குனியில் மிளகாய்ப் பழம் எடுக்கும்போது தலைக்கு மேலே நெருப்பு. பருத்தி எடுப்பும் அதே வெயிலில்தான். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெயில் வேலைக்காரர்கள். மற்றவர்கள் நிழலில் வேலை பார்ப்பவர்கள். வெயிலில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து இரண்டு மடங்கு. குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த பிள்ளையும் அவர்களிடம் தெளிவாகவே அதிகம். இது அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுத்த கணக்கு இல்லை. நம்ம ஊர் வெயில், நம்ம ஊர்ப் பொம்பளைகள்.

வெயிலில் உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்கு ஓடுகிறது, கர்ப்பப்பைக்குப் போவது குறைகிறது. வியர்த்துத் தண்ணீர் இறங்கிவிட்டால் கர்ப்பப்பை முன்கூட்டியே இறுக ஆரம்பிக்கலாம். அப்படியானால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னால் போதுமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு குடத்துக்கு ரெண்டு குடமாக வரப்பில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

காரணத்தை ஒரு வயசான அம்மாதான் சொன்னாள். “குடிச்சா எங்கிட்டுப் போயி ஒதுங்குறது?”

காடு முழுக்க வெட்டவெளி. இருக்கிற மறைவு சீமைக்கருவேலப் புதர் ஒன்றுதான். முள்ளு, பூச்சி பொட்டு, போதாததற்கு ரோட்டில் போகிற ஆம்பளைகள். அதனால் காலையில் வீட்டில் போனவர்கள் மதியம் வீட்டுக்குத் திரும்பும் வரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டுமே என்று தண்ணீரையும் குடிப்பதில்லை. கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பை அழுத்துவதால் அடிக்கடி போகத்தான் வேண்டியிருக்கும். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வரும், அது கிருமித் தொற்றாகிச் சிறுநீரகம் வரை ஏறும். இந்தத் தொற்று குறைமாத வலியைத் தூண்டுகிற காரணங்களில் மருத்துவ உலகம் நன்றாக அறிந்த ஒன்று. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடித்து, மாத்திரையில் குணமாக்கக்கூடியது. ஆனால் நம் பெண்கள் “சூட்டுக் கடுப்பு” என்று சொல்லி வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். வெந்தயம் நல்லதுதான். கிருமித் தொற்றுக்கு அது மருந்தில்லை.

நாலு ஊன்றுகம்பு நட்டு, சுற்றிப் பனை ஓலை கட்டி, உள்ளே ஒரு குழி, குழிக்குப் பக்கத்தில் ஒரு சட்டி சாம்பல், ஒரு வாளித் தண்ணீர். அரை நாள் வேலை. அந்த மறைப்பைக் கட்டிய பிறகுதான் என் காட்டில் தண்ணீர்க் குடம் காலியானது. இருபது வருசமாக மண்ணுக்கு என்ன வேண்டும், நுண்ணுயிருக்கு என்ன வேண்டும் என்று பயிற்சி பயிற்சியாகப் போய்க் கற்றுக்கொண்டவள் நான். இது எனக்குத் தோன்றவில்லை.

ரத்தசோகையைப் பற்றி நம் வாசகர்களுக்கு நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு. இந்த இடத்தில் நம் காட்டுக்கு ஒரு பெருமையும் இருக்கிறது. களைக்கொல்லி அடித்த காட்டில் களையெடுக்கிற பெண்ணுக்கு வேலையும் இல்லை, மடியில் கட்டிக்கொண்டு போகக் கீரையும் இல்லை. நம் காட்டிலிருந்து போகிறவள் தொய்யக்கீரையோ பண்ணைக்கீரையோ ஒரு மடி பறித்துக்கொண்டுதான் போவாள். ஆனால் கீரை தின்கிறோமே என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் பரணில் போடக் கூடாது. நம்மில் சிலர் மேடையிலேயே அப்படிப் பேசுகிறார்கள். குறைந்துபோன ரத்தத்தைக் கர்ப்ப காலத்துக்குள் கீரையால் மட்டும் ஈடுகட்டுவது நடக்காத காரியம். ரெண்டும் வேண்டும். மாத்திரை போட்டதும் டீ குடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது, டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

வேறு காரணங்களும் உண்டு. முந்தின பிரசவம் குறைமாதமாக இருந்தது, ரெண்டு பிள்ளைக்கு நடுவில் இடைவெளி ஒன்றரை வருசம்கூட இல்லாதது, இரட்டைப் பிள்ளை, ரத்தக்கொதிப்பு, இருபது வயசுக்குள் பிள்ளைப்பேறு, வாயில் புகையிலை. காட்டில் வேலை இல்லாத மாசங்களில் எங்கள் பக்கத்தில் கரிமூட்டம் போடுவதுதான் பிழைப்பு. சீமைக்கருவேலை வெட்டுவது, அடுக்குவது, மண் மூடி எரிப்பது, எல்லாவற்றிலும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையும் இந்தக் கணக்கில் வரும்.

இனி நமக்குக் கசப்பான பகுதி.

பூச்சிமருந்து தெளிக்கிற காட்டைவிட நம் காடு கர்ப்பிணிக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் களைக்கொல்லியை விட்டபோது நாம் அந்த வேலையை எங்கே இறக்கி வைத்தோம்? பெண்களின் முதுகில். ரசாயன விவசாயி ஒரு களை எடுக்கிற இடத்தில் நாம் ரெண்டு மூன்று எடுக்கிறோம், எல்லாம் அரை அடிக் களைக்கொத்தை வைத்துக்கொண்டு, குனிந்து.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்ததை நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பண்ணைத் தொழிலாளிகள் குட்டைப்பிடிக் களைக்கொத்தால் முதுகு ஒடிந்துபோகிறது என்று வழக்காடி, 1975இல் அதைத் தடை செய்ய வைத்தார்கள். முதலாளிகள் அதற்குப் பிறகு, “கொத்து வேண்டாம், கையாலேயே பிடுங்கு” என்றார்கள். குனிவது அப்படியே இருந்தது. அதையும் எதிர்த்துப் போராடி, 2004இல் கையால் களை பிடுங்குவதற்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அந்த விதியில் ஒரு தரப்புக்கு விலக்கு. யாருக்குத் தெரியுமா? இயற்கை விவசாயப் பண்ணைகளுக்கு! களைக்கொல்லி அடிக்க முடியாது, அதனால் எங்களுக்குக் கைக்களை தேவை என்ற வாதம் அங்கே எடுபட்டது. அது முதுகுவலிக்காக வந்த சட்டம், பிரசவத்துக்காக இல்லை. இருந்தாலும் நஞ்சில்லாத உணவு என்று சொல்கிறவர்கள் முதுகு விஷயத்தில் விலக்கு வாங்கியதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நம்மிடம் சட்டமே இல்லாததால் விலக்குக் கேட்கிற சிரமம்கூட நமக்கு இல்லை.

“இயற்கை” என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பூச்சிவிரட்டிக்காகப் புகையிலைக் கரைசல் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதில் இருக்கிற நிகோடின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், கருவுக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். கர்ப்பிணி அதைத் தொடவே கூடாது. பதினைந்து லிட்டர் கைத்தெளிப்பானில் பஞ்சகவ்யமே இருந்தாலும் முதுகில் அது பதினைந்து கிலோதான். கன்று வீசின மாட்டின் நஞ்சுக்கொடியை அள்ளுவது, அந்தக் கொட்டிலைச் சுத்தம் செய்வது, காய்ச்சாத பால் குடிப்பது, இவற்றின் மூலம் புருசெல்லா என்ற கிருமி மனுசருக்கும் வரும், கர்ப்பத்தைக் கலைக்கும், முந்திப் பிறக்கவும் வைக்கும். மாடு இல்லாமல் நம் விவசாயம் இல்லை. ஆகவே இது வேறு யாரையும்விட நமக்குத்தான் முக்கியம்.

சட்டம் என்ன செய்தது? 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலேயே, பேறுகாலம் நெருங்கும்போது ஒரு பெண் கேட்டுக்கொண்டால் கடினமான வேலையும் நீண்ட நேரம் நிற்கிற வேலையும் கொடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். ஆலை, சுரங்கம், தேயிலை போன்ற பெருந்தோட்டம் எல்லாம் அதற்குள் வந்தன. என் காட்டுக்கோ உங்கள் காட்டுக்கோ கூலிக்குக் களை எடுக்க வருகிறவள் வரவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகவும் மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைக்கிறது. கிராமச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கினால்தான் வரும். நல்ல திட்டம். ஆனால் பணம் தவணையில் வருகிறது, ஒரு பகுதி பிள்ளை பிறந்த பிறகுதான். களைக் கூலியோ அன்றைக்குச் சாயங்காலமே கையில். பலசரக்குக் கடைக் கடனுக்குத் தவணை தெரியாது.

அதனால்தான் “கர்ப்பிணியை வேலைக்குக் கூப்பிடாதே” என்பதை நான் தீர்வாக ஏற்கவில்லை. அதைத்தான் நான் மூன்று வருசத்துக்கு முந்தி செய்தேன். அதனால் பெண்கள் வயிற்றை மறைக்கிறார்கள், அவ்வளவுதான். கூலியை நிறுத்தாமல் வேலையை மாற்றுவது ஒன்றே வழி என்று நினைக்கிறேன். சிறுதானியத்தில் கல் பொறுக்குவது, உளுந்து புடைப்பது, நேரடி விற்பனைக்குப் பொட்டலம் போடுவது, இவற்றை நான் இப்போது களைக் காலத்துக்கென்று பிடித்து வைக்கிறேன். நிழலில், உட்கார்ந்து செய்கிற வேலை. களைக்கு என்ன கூலியோ அதே கூலி. இதை முதல் நாளே பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் மறைக்க மாட்டார்கள். பத்துப் பேரில் ஒருத்தி, ஒரு போகத்துக்குப் பத்துப் பதினைந்து நாள். எனக்கு நஷ்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, வேலையும் நடக்கத்தான் செய்கிறது. வெயில் காலத்தில் எல்லாருக்குமே ஆறரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குக் கரையேறுவது என்று வைத்திருக்கிறேன்.

சால் பிடித்து விதைத்தால் நின்றபடியே தள்ளுகிற களைக்கருவி ஓட்டலாம். மானாவாரிக்கு ஏற்ற கருவிகளை வேளாண் பல்கலைக்கழகம் எப்போதோ கொடுத்துவிட்டது. கையால் வீசி விதைக்கிற பழக்கத்தை நாம்தான் விடவில்லை. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. கருவி வந்ததும் அதை ஆண்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். குனிகிற வரைக்கும் அது பொம்பளை வேலை, பாதிக் கூலி. நிமிர்ந்ததும் ஆம்பளை வேலை, முழுக் கூலி. கருவியைப் பெண்களுக்குப் பழக்காவிட்டால் முதுகைக் காப்பாற்றுகிறேன் என்று வயிற்றில் அடித்ததாகிவிடும்.

கூலிக்கு வருகிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டு மருமகள் சொந்தக் காட்டில் கூலியில்லாத ஆள். விடியுமுன் சாணி அள்ளி, தண்ணீர் சுமந்து, சமைத்து, பிறகு களைக்கு வருகிறாள். அவளுக்கு நிரையும் இல்லை, நேரமும் இல்லை. “நம்ம காடுதானே” என்கிற பேச்சில் அவளுடைய எட்டாம் மாசமும் அடங்கிவிடுகிறது.

காட்டில் யாருக்காவது இடுப்பு விட்டு விட்டு வலித்தால், வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விட்டால், நீரோ ரத்தமோ பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால், “சூட்டு வலி” என்று சாயங்காலம் வரை காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் குழந்தையின் நுரையீரல் பலப்பட ஊசி போடுவார்கள். அது வேலை செய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும். வீரசோழன் மாதிரி ஊரிலிருந்து அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து விருதுநகரோ மதுரையோ போகிற தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் வரப்பில் தயங்குகிற ஒரு மணி நேரம் அந்த ஊசியின் நேரம்.

எங்கள் குழுவில் ஒருவர் காட்டை ஒருவர் போய்ச் சரிபார்க்கிறோம். பக்கத்துக் காட்டு மருந்து நம் பக்கம் வருகிறதா, விதை எங்கே வாங்கியது, எரு எங்கிருந்து வந்தது, எல்லாம் கேட்கிறோம். காட்டில் மறைப்பு இருக்கிறதா, கர்ப்பிணிக்கு என்ன வேலை கொடுத்தாய் என்று இதுவரை யாரும் யாரையும் கேட்டதில்லை. உலக அளவில் இயற்கை விவசாய இயக்கங்கள் சேர்ந்து 2005இல் ஏற்றுக்கொண்ட நான்கு கொள்கைகளில் நியாயம் என்பதும் ஒன்று. அது மண்ணுக்கு மட்டும் சொன்னதில்லை. இந்த ரெண்டு கேள்வியையும் நம் சரிபார்ப்புத் தாளில் சேர்க்க வேண்டும், பொது விற்பனையில் மூட்டைக்கு ஒரு சிறு தொகை பிடித்து மாற்று வேலைக் கூலிக்கு ஒதுக்க வேண்டும் என்று போன கூட்டத்தில் கேட்டேன்.

“ரெண்டு ஏக்கர வச்சுக்கிட்டு நாமளே கடன்ல கெடக்கோம், இதுக்கும் நாமளாக்கா?” என்றார் ஒரு தம்பி. நியாயமான கேள்வி. கடனில் கிடப்பவர் காட்டுக்கு அவரைவிடக் கடனில் கிடப்பவள் வருகிறாள் என்பதுதான் என்னிடம் இருந்த பதில். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் டீ குடிக்க எழுந்துவிட்டார்கள். தை மாசக் கூட்டத்தில் மறுபடி வைக்கப்போகிறேன்.